உஷார்! கொட்டகை அம்பாசடரைச் சுற்றி வலை விரித்திருக்கிறார்கள்

செஞ்சி வட்டாரத்தில் மாட்டுக் கொட்டகையிலும் களத்து ஓரத்திலும் பழைய காரை நிறுத்தி வைத்திருப்பவர்களே, அப்படி ஒரு காரை வாங்கிப் பழைய மெருகுக்குக் கொண்டுவர ஆசைப்படும் இளைஞர்களே, இரண்டு தரப்புக்கும் சேர்த்தே இந்த எச்சரிக்கை. ‘ஒரிஜினல் ஸ்பேர்’ என்ற ஒரே சொல்லைக் காட்டி இரண்டு பக்கமும் சூறையாடுகிறார்கள். கொடுக்கிறவர் வண்டியை இழக்கிறார், வாங்குகிறவர் பணத்தை இழக்கிறார். அந்த ஸ்பேர் பிரேக்கிலோ ஸ்டீயரிங்கிலோ உட்கார்ந்தால், இந்த வியாபாரத்தில் சம்பந்தமே இல்லாமல் சாலையோரம் நடந்து போகிறவர் உயிருக்கும் உலை வைக்கிறது.

தளவானூர், மண்டகப்பட்டு, செஞ்சி என்று இந்தப் பக்கத்துச் சாலைகளில் ஒரு காலத்தில் கல்யாணம், காதுகுத்து, நடுராத்திரிப் பிரசவம் எல்லாவற்றுக்கும் அம்பாசடர்தான் ஓடியது. பேர் சொன்னால் போதும், டிரைவரோடு வண்டி வாசலில் நிற்கும். அந்த வண்டிகள் ஓய்ந்த பிறகும் பல வீடுகளில் விற்க மனம் வரவில்லை. அப்பா வாங்கியது, தாத்தா ஓட்டியது என்று தார்ப்பாய் போட்டு மூடிவைத்தார்கள். மேலே வைக்கோல் அடுக்கினார்கள், கோழி அடைத்தார்கள், ஆனால் வண்டியை விடவில்லை.

இப்போது அந்த வண்டிகளைத் தேடி ஆள் வருகிறது. மகேந்திரவர்மன் குடைந்த தளவானூர்க் குடைவரையைப் பார்க்க வருகிறவர்கள் முன்பும் உண்டு. 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பிறகு வெளியூர்க் கண்கள் இந்தச் சாலைகளில் இன்னும் கூடுதலாகப் படுகின்றன. வருகிறவர்களில் உண்மையான கார்ப் பித்தர்கள் உண்டு, அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு முன்னாலேயே மினி லாரியோடு வந்து நிற்கும் புரோக்கர்களைப் பற்றித்தான் பேச்சு.

“ஐயா, சும்மாதானே கெடக்குது, எடத்த அடச்சிக்கினு. எட போட்டு எடுத்துக்கினு போறேன், கையில காசு வாங்கிக்கோங்க.” இப்படித்தான் பேச்சு ஆரம்பிக்கும். அம்பாசடர் 1,100 கிலோவுக்கு மேல் எடை வரும் வண்டி. பழைய இரும்பு விலைக்குப் பெருக்கிப் பார்த்தால் ஒரு தொகை வரும், பெரியவரும் தலையாட்டிவிடுவார். அந்த வண்டி எடைக்குப் போகாது. செஞ்சி எல்லையைத் தாண்டும் முன்பே கிரில், பம்பர், மீட்டர் போர்டு, கதவுக் கைப்பிடி, ஹெட்லைட் வளையம், ஸ்டீயரிங் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை ஏறியிருக்கும். மார்க் 1 வண்டியாக இருந்தால் முன் கிரிலும் பானெட்டும் மட்டுமே பெரியவர் கையில் வாங்கிய காசை ஈடுகட்டிவிடும். வண்டியைக் கொடுப்பது அவரவர் விருப்பம். ஆனால் ஒரு விலை சொல்லும் முன் அது எந்த மார்க், எந்த ஆண்டு, எதெல்லாம் கம்பெனி பொருத்தியபடியே இருக்கிறது என்று விவரம் தெரிந்த ஒருவரை வைத்துப் பாருங்கள். முழுசாக நிற்கும் வண்டியை முழுசாகவே, புதுப்பித்து ஓட்டப் போகிறவருக்குக் கொடுங்கள். உடைத்துவிட்டால் அந்த வண்டி திரும்பாது.

ஏன் இந்தத் தட்டுப்பாடு என்று கேட்டால், இந்த வண்டிகளைச் செய்தவர்கள் இன்று செய்வதில்லை. மேற்கு வங்கத்து உத்தரபாராவில் அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதத்தோடு நின்றது. 2017-இல் அந்தப் பெயரையே பிரான்சின் பெஜோ நிறுவனத்துக்கு 80 கோடி ரூபாய்க்கு விற்றார்கள். மும்பை குர்லாவில் பிரீமியர் பத்மினி அதற்கும் முன்பே, இந்த நூற்றாண்டு பிறந்த சமயத்தில் முடிந்தது. நம் சென்னைக்குத் தெற்கே வண்டலூர் அருகே 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு செய்த கம்பெனி, எண்பதுகளின் கடைசியில் ஸ்டாண்டர்டு 2000-உடன் மூடிக்கொண்டது. கம்பெனி இல்லை, கம்பெனி ஸ்பேரும் இல்லை. கழட்டின ஸ்பேர்தான் கதி. தேவை அப்படியே இருக்கச் சரக்கு குறைந்துகொண்டே போனால் அங்கே திருட்டும் போலியும் புகும்.

ஒரு விஷயத்தைத் தமிழ்நாட்டுக்காரர்கள் பெருமையோடு நினைவில் வைக்க வேண்டும். இந்தக் கார்களுக்குப் போன நல்ல உதிரிகளில் நிறைய நம் சென்னையில் செய்தவை. செம்பியத்தில் 1949-இல் தொடங்கிய இந்தியா பிஸ்டன்ஸ், பாடியில் 1961-இல் வந்த லூகாஸ் டிவிஎஸ், அடுத்த ஆண்டே அங்கே வந்த பிரேக்ஸ் இந்தியா. டைனமோ, ஸ்டார்ட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், வீல் சிலிண்டர் என்று இந்தக் கைகள் செய்த தரம் இன்றும் பேசும். போலி போடுகிறவனும் இந்தப் பெயர்களைத்தான் திருடுகிறான். புதிதாக அச்சடித்த பழைய மாதிரிப் பெட்டி, அதன் மேல் கொஞ்சம் எண்ணெய்க் கறை, “பிரிக்காத பெட்டி சார், கடைசிப் பீஸ்” என்ற பேச்சு. பெட்டியை நம்பாதீர்கள். பெட்டிக்குள் இருக்கும் சாமானைக் கையில் எடுங்கள்.

எடுத்து என்ன பார்ப்பது? வார்ப்பில் வந்த எழுத்துகள் கூர்மையாக இருக்கின்றனவா, ஓரம் மழுங்கி உப்பியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரிஜினலை வைத்து மண்ணில் அச்சு எடுத்து வார்த்த நகலில் எழுத்து மழுங்கும், அளவும் ஒரு நூலிழை சுருங்கும். இங்கிலாந்தில் செய்த லூகாஸ் சாமான்களில் பாக எண்ணும், செய்த மாதமும் ஆண்டும் பஞ்ச் அடித்திருக்கும். 1962 வண்டிக்கு என்று விற்கும் டைனமோவில் 1970 அடித்திருந்தால் அது அந்த வண்டியில் பிறந்தது இல்லை. பித்தளை என்று சொல்லும் சாமானில் காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால் இரும்புக்கு முலாம். வெர்னியர் காலிபர் இல்லாமல் சென்னையின் பழைய ஸ்பேர் சந்தையான புதுப்பேட்டைக்குள் காலெடுத்து வைக்காதீர்கள்.

புதுப்பேட்டை என்றதும் சிலருக்கு முகம் சுளிக்கும். நான் சுளிக்க மாட்டேன். எழும்பூருக்குப் பக்கத்தில் கூவம் கரையோரம் இருக்கும் அந்தச் சந்துகளில் ஒரு துருப்பிடித்த போல்ட்டைப் பார்த்தே எந்த வண்டி, எந்தப் பக்கம் என்று சொல்லும் மனிதர்கள் இருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகக் கற்ற தொழில் அது. பில் கேட்டால் பில் எழுதிக் கொடுக்கும் கடைகளும் அங்கே உண்டு. பில் கேட்டதும் “அதெல்லாம் இல்ல, வேணும்னா எடு” என்று சொல்லும் கடையைத் தாண்டி நடந்துவிடுங்கள். எவ்வளவு அரிய சாமானாக இருந்தாலும் சரி.

இதில் அலட்சியம் காட்டினால் ஸ்டேஷன் படி ஏற வேண்டிவரும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தும் கண்ணை மூடிக்கொண்டோ வாங்கினால், 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவுப்படி மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. ‘நம்பக் காரணம் இருந்தும்’ என்ற அந்த வார்த்தைகளைக் கவனியுங்கள். சந்தை விலையில் கால்வாசிக்கு, பில் இல்லாமல், இருட்டிய பிறகு ஒருவன் என்ஜின் கொடுத்தால் அதுவே காரணம். உத்தரப்பிரதேசத்தில் மீரட் நகரின் சோத்திகஞ்ச் சந்தையில் நடந்தது தெரியுமா? திருட்டு வண்டிகளை உடைத்து விற்பதற்குப் பேர்போன அந்தச் சந்தையை 2021 டிசம்பரில் போலீஸ் ஒரேயடியாக மூடியது. நேர்மையாகத் தொழில் செய்தவர்களும் சேர்ந்தே கடையை இழந்தார்கள். புதுப்பேட்டைக்கு அந்தக் கதி வராமல் இருப்பது வாங்குகிற நம் கையிலும் இருக்கிறது.

எண் அடித்த பாகம் எதுவானாலும் காகிதம் இல்லாமல் தொடாதீர்கள். என்ஜின் பிளாக், சேஸிஸ், எண் தகடு எல்லாம் இதில் சேரும். எண் இருக்கும் இடத்தைச் சுற்றி கிரைண்டர் ஓடிய தடம், ஒரே வரியில் உயரம் மாறும் இலக்கங்கள், அந்த இடத்துக்கு மட்டும் புதுப் பெயின்ட், தகட்டின் ரிவெட்டில் ஸ்க்ரூடிரைவர் கீறல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று தென்பட்டாலும் பேச்சை நிறுத்துங்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் நடத்தும் ‘வாகன் சமன்வய்’ இணையச் சேவையில் என்ஜின் எண்ணையோ சேஸிஸ் எண்ணையோ கொடுத்தால் அது போலீஸ் பதிவில் திருட்டு வண்டியா என்று தேட முடியும். வாங்கும் முன் அந்தச் சில நிமிடங்களைச் செலவிடுங்கள்.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே ஓடிய அம்பாசடர்களில் பல, பெட்ரோல் வண்டியாகப் பிறந்து டாக்சிக்காக டீசலுக்கு மாறியவை. மாற்றியது ஆர்.சி. புக்கில் ஏறியிருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. என்ஜின் மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும், மாற்றியது பதிவாக வேண்டும். அனுமதியில்லாத மாற்றத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஐம்பது ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த ‘வின்டேஜ்’ பதிவு வேண்டும் என்றால் நிபந்தனை இன்னும் கடுமை. வண்டி மூல வடிவத்தில் இருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், எண் தகட்டில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும், அன்றாட ஓட்டத்துக்கும் வாடகைக்கும் அந்த வண்டியை எடுக்க முடியாது. ஆக, ஒரு தவறான என்ஜினை வாங்கி இறக்கினால் பணம் மட்டும் போகாது, அந்த வண்டிக்குக் கிடைக்க வேண்டிய தகுதியே போய்விடும்.

இனி நான் அதிகம் பயப்படும் இடத்துக்கு வருகிறேன்.

எல்லாம் ஒரிஜினலாக இருக்க வேண்டும் என்ற வெறியில் பிரேக்கையும் பழையதாகத் தேடுகிறார்கள். வேண்டாம். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், பிரேக் ஹோஸ், ரப்பர் கப் எதையும் கழட்டினதாக வாங்காதீர்கள். நாற்பது வருடம் பெட்டியில் கிடந்த புது ரப்பரும் பழைய ரப்பர்தான். மேலே பளபளக்கும், அழுத்தம் ஏறும்போது கிழியும். இந்தக் காலத்து வண்டிகளில் ஒரு பக்கம் போனாலும் மறுபக்கம் பிடிக்கும். இந்தப் பழைய வண்டிகளில் பலவற்றுக்கு ஒரே பிரேக் லைன், ஒரு கப் கிழிந்தால் நான்கு சக்கரமும் ஓடும். டிரம் பழையதாக வாங்குவது தவிர்க்க முடியாது என்றால் உள் விட்டத்தை அளந்து, கடைசல் பிடிக்க மிச்சம் இருக்கிறதா, விரிசல் இருக்கிறதா என்று லேத் பட்டறையில் பார்த்த பிறகே காசு கொடுங்கள். பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் இருக்கும், அதன் தூசு நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டு கழித்துப் புற்றுநோயாக வரலாம். கம்ப்ரஸர் வைத்துக் காற்றடித்துச் சுத்தம் செய்யும் பழக்கத்தை நம் மெக்கானிக் தம்பிகள் உடனே நிறுத்த வேண்டும். ஈரத் துணி வைத்துத் துடையுங்கள், துணியைக் கட்டித் தூர எறியுங்கள். பட்டறையில் சின்னப் பையன்கள் வேலைக்கு நின்றால் அவர்களைப் பக்கத்தில் விடாதீர்கள்.

ஹெரால்டு வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். அதன் முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துக் கம்பி, கீழே ஒரு பித்தளைக் கட்டைக்குள் திருகாணி மாதிரி உட்கார்ந்திருக்கும். ட்ரன்னியன் என்பார்கள். அதற்குக் கியர் ஆயில்தான் போட வேண்டும். நிப்பிள் போன்ற துளையைப் பார்த்ததும் நம் ஆட்கள் கிரீஸ் கன்னை வைத்து அழுத்திவிடுகிறார்கள். கிரீஸ் உள்ளே இறுகும், ஈரம் தேங்கும், திருகுப் பல் துருப்பிடித்துத் தேயும், ஒரு நாள் வளைவில் திரும்பும்போது கம்பி முறியும், சக்கரம் படுத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் அது முறியப் போகிறதா என்று தெரியாது. ஒருவர் வண்டியிலிருந்து கழட்டிய ட்ரன்னியனும் கம்பியும் அவர் ஆயில் போட்டாரா கிரீஸ் போட்டாரா என்று உங்களுக்குச் சொல்லாது. இதைப் பழையதாக வாங்கவே வாங்காதீர்கள். இங்கிலாந்தில் ட்ரையம்ப் ஹெரால்டுக்கும் ஸ்பிட்ஃபயருக்கும் புதிதாகச் செய்கிறார்கள், இந்தக் கட்டமைப்பு அதுதான். வரவழைக்கும் செலவு அதிகம், ஆனால் செய்தே ஆக வேண்டிய செலவு. வாங்கும்போது இடம் வலம் பார்த்து வாங்குங்கள், இரண்டு பக்கத்துக்கும் திருகு எதிர்த்திசை.

அம்பாசடருக்கு முன்பக்கம் டார்ஷன் பார். பல ஆண்டு ஒரு திசையில் முறுக்கேறிய கம்பியை எதிர்ப்பக்கத்தில் போடக் கூடாது. புதுப்பேட்டைக் குவியலில் கிடக்கும் கம்பி எந்தப் பக்கத்தது என்று அடையாளம் இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். டயரைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். இலக்கம் மூன்றுதான் இருக்கிறது என்றால் அது 2000-க்கு முந்தைய டயர். பட்டன் தேயவில்லை என்று அதை மாட்டி ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

பெட்ரோல் விஷயத்தில் ஒரு புது ஆபத்து வந்திருக்கிறது, பலருக்கு இன்னும் உறைக்கவில்லை. இப்போது பங்க்கில் போடுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எழுபதுகளில் செய்த பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம், ரப்பர் குழாய், கார்புரேட்டர் வாஷர் எல்லாம் எத்தனாலைக் கனவிலும் காணாத காலத்துச் சரக்கு. ஊறி, உப்பி, வெடிக்கும், ஒழுகும். 1489 சி.சி. அம்பாசடர் என்ஜினில் கார்புரேட்டரும் சைலன்சர் மேனிஃபோல்டும் ஒரே பக்கம், ஒன்றுக்கு நேர் மேலே ஒன்று. ஒழுகும் பெட்ரோல் சொட்டுவது கொதிக்கும் இரும்பின் மேல். ‘ஒரிஜினல் ஏ.சி. பம்ப், அந்தக் காலத்துக் கிட்’ என்று கிடைத்ததும் ஆனந்தப்படாதீர்கள். பம்பின் உடலை வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே இருக்கும் ரப்பர் அத்தனையும் எத்தனால் தாங்கும் புதியதாக மாற்றுங்கள். வண்டிக்குள் ஒரு தீயணைப்பான் இல்லாமல் பழைய காரைச் சாலைக்கு எடுக்காதீர்கள்.

என்ஜின் உள்பாகங்களில் ஏமாற்று வேறு விதம். அம்பாசடர் சிலிண்டர் ஹெட்டில் நடு இரண்டு எக்சாஸ்ட் வால்வுகளுக்கு இடையில் விரிசல் விழுவது அந்த என்ஜினின் பழைய நோய். கரியும் எண்ணெயும் அதை மறைத்துவிடும். சுத்தம் செய்து, விரிசல் காட்டும் சாயம் தடவிப் பார்க்காமல் ஹெட் வாங்காதீர்கள். கிராங்க் என்றால் எத்தனை அண்டர்சைஸ் என்று கேளுங்கள். பத்து, இருபது, முப்பது என்று கடைந்து கடைந்து நாற்பதில் நிற்கும் கிராங்க்கை அழகாகத் துடைத்து வைத்திருப்பார்கள், அதற்கு அடுத்த கடைசல் கிடையாது. போர் அளவும் அப்படித்தான். கம்பெனியில் வந்தபோது 73.025 மில்லிமீட்டர், இப்போது எவ்வளவு என்று கேஜ் வைத்துப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

எங்கிருந்து வந்த சரக்கு என்பதும் முக்கியம். ‘மும்பை ஒரிஜினல்’ என்று பத்மினி ஸ்பேர் கொட்டிக் கிடக்கிறது. மும்பையில் கடைசி பத்மினி டாக்சி 2023 அக்டோபர் முடிவில் சாலையை விட்டு இறங்கியது, அங்கே டாக்சிக்கு இருபது ஆண்டு வரம்பு. இருபது ஆண்டு இரவும் பகலும் ஓடிய டாக்சியின் கியர்பாக்ஸ் அது. கொல்கத்தாவில் மஞ்சள் அம்பாசடர் டாக்சிகளும் பதினைந்து ஆண்டு வரம்பில் வரிசையாக இறங்கிக்கொண்டிருக்கின்றன. உற்பத்தி 2014-இல் நின்றதால் அடுத்த சில ஆண்டுகளில் அங்கிருந்து வரும் சரக்கும் தீர்ந்துவிடும். அதற்குள் நம் சந்தைகளில் ‘கல்கத்தா சரக்கு’ என்று நிறைய வரும். அது கம்பெனிச் சாமான்தான், போலி இல்லை. ஆனால் தேய்ந்து தீர்ந்தது. கதவு, கண்ணாடிச் சட்டம், மட்கார்டு என்று தாராளமாக வாங்கலாம். ஆனால் அது பிந்தைய கிராண்ட் காலத்து வண்டி. உங்கள் மார்க் 2-வின் நெருக்கமான கட்டம் போட்ட கிரிலோ, மார்க் 3-இன் கிரிலோ அதில் வராது. அதைக் காட்டி ‘எல்லா மாடலுக்கும் ஒக்கும்’ என்றால் நம்பாதீர்கள்.

பாதி வெட்டு பாடி வாங்கி ஒட்டவைக்கும் வேலையும் நடக்கிறது. ஹெரால்டுக்குத் தனிச் சேஸிஸ் உண்டு. அம்பாசடருக்கு அப்படி இல்லை, பாடியே எலும்பு. இரண்டு வண்டிகளை நடுவில் அறுத்து வெல்டு வைத்து, மேலே பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் கண்ணுக்குத் தெரியாது. மோதும்போதுதான் தெரியும். காந்தம் ஒட்டாத இடமெல்லாம் பட்டி. தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள், வண்டியைத் தூக்கி அடியிலும் பாருங்கள். பார்க்க விடாதவரிடம் வாங்காதீர்கள்.

வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி அட்வான்ஸ் கேட்கும் கூட்டம் தனி. அருமையான ஸ்பீடோமீட்டர், சுத்தமான பம்பர் ஜோடி, நம்ப முடியாத விலை, ‘இன்னொருத்தர் கேட்டுக்கிட்டிருக்கார், உடனே பாதி போடுங்க’ என்று அவசரம். படம் வேறு யாருடைய வண்டியிலோ எடுத்தது. அன்றைய செய்தித்தாளைச் சாமானுக்குப் பக்கத்தில் வைத்து வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள், மோசடிக்காரன் அங்கேயே கழன்றுகொள்வான். பணம் போய்விட்டதென்றால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அடியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்கு அந்தப் பணம் வங்கியில் முடக்கப்பட வாய்ப்பு.

அப்படியானால் எதைத்தான் பழையதாக வாங்குவது? நிறைய இருக்கிறது, சந்தோஷமாகத் தேடுங்கள். கிரில், பம்பர், சின்னம், கைப்பிடி, மீட்டர், சீட் சட்டம், சுவிட்ச், விளக்கு வளையம், கார்புரேட்டர் உடல், டைனமோ கூடு. இவைதான் அந்த வண்டியின் முகம். துத்தநாக வார்ப்புக் கைப்பிடிகளில் அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்திருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள், மறுபடி முலாம் பூசினாலும் குழி போகாது. பழைய ஆங்கில வண்டிகளில் சிலவற்றுக்கு பேட்டரியின் பாசிட்டிவ்தான் எர்த். அது தெரியாமல் ஆல்டர்னேட்டர் மாட்டினால் சாவி திருப்பிய நொடியே எரியும். போல்ட் விஷயத்திலும் அவசரம் கூடாது. பத்மினி இத்தாலிய வம்சம், மில்லிமீட்டர் திருகு. அம்பாசடரும் ஹெரால்டும் ஆங்கில வம்சம், அங்குலக் கணக்கு. ‘கொஞ்சம் டைட்டா இருக்கு, போட்டா போயிடும்’ என்று ஸ்பேனரை அழுத்தினால் பல் போய்விடும், அதன் பிறகு அந்த பிளாக்கே வீண்.

சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இருக்கிறது. சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் நடத்தும் கார்க் கண்காட்சிக்குப் போய், உங்கள் மாடலையே வைத்திருப்பவரிடம் நின்று பேசுங்கள். கோவையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தார் அமைத்த ஜீடி கார் அருங்காட்சியகத்தில் வண்டிகள் எப்படி இருக்க வேண்டும் என்று கண்ணால் பார்க்கலாம். ஒரிஜினல் எப்படி இருக்கும் என்று தெரியாமல் சந்தைக்குப் போகிறவரைத்தான் ஏமாற்றுகிறார்கள். இலங்கையில் மோரிஸ் மைனருக்குத் தொண்ணூறுகளிலேயே புதிய உதிரிகளைச் செய்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள். பிஸ்டனும் பிரேக்கும் செய்த சென்னைக்கு அம்பாசடருக்கும் ஹெரால்டுக்கும் அப்படி ஒரு சிறு பட்டறை நடத்தக் கை வராதா? அது வரும் நாளில் இந்தத் திருட்டுச் சந்தை பாதி படுத்துவிடும் என்று உறுதியாக நம்புகிறேன்.

கடைசியாக, வண்டியைக் கொடுத்துவிட்ட தளவானூர்ப் பெரியவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும். எடைக்குப் போட்டபோது ஆர்.சி. புக்கையும் கூடவே கொடுத்தீர்களா? அந்த எண் இன்னும் உங்கள் பெயரில்தான் இருக்கும். நாளை அந்த எண்ணும் தகடும் வேறொரு வண்டியில் ஏறி, அது யார் மேலாவது மோதினால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும். விற்றுக் கைமாறிய வண்டியானாலும் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் வழக்கில் சொல்லிவிட்டது. வண்டி உடைக்கப்பட்டால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும் என்பது சட்டம். இனிமேல் உடைக்கக் கொடுப்பதானால் அரசில் பதிவு பெற்ற வாகன உடைப்பு மையத்தில் கொடுத்துச் சான்றிதழ் வாங்குங்கள். முன்பே கொடுத்துவிட்டவர்கள் இன்றைக்கே வீட்டுப் பிள்ளைகளை விட்டு எம்பரிவாகன் செயலியில் அந்தப் பழைய எண்ணைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் பெயரில் அது இன்னும் உயிரோடு இருந்தால், நாளை காலை ஆர்.டி.ஓ. அலுவலகம் திறக்கும்போது மனுவோடு அங்கே நில்லுங்கள்.